மதலேனா விட்டுவிட்ட சொல்

மலையூற்றுப் பீலியில் விழும் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள் மதலேனா. தெளிவாக இருந்தால்தான் குடத்தை வைப்பாள். கலங்கியிருந்தால், லயத்து வரிசையின் எட்டு வீட்டுக் கதவையும் தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை. "என்னக்கா, இன்னிக்குத் தண்ணி பாஸா, பெயிலா?" என்று அடுத்த வீட்டு ஜெயகுமார் கேட்பான். அவள் சிரிப்பதில்லை.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். மலையில் அவள் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் முழந்தாளிட்டாலோ, நிறுத்த ஆளிருக்காது. "கிருபைய அருவி மாதிரி ஊத்துங்க, ஆண்டவரே" என்று அவள் மன்றாடும்போது கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். தம்பி லூக்காஸ் மட்டும், "அக்கா, கொஞ்சம் மூடுங்க, நனைஞ்சிட்டோம்" என்பான்.

போன கார்த்திகையில் மழை பிந்திக் கொழுந்து குறைந்திருந்தது. அந்த வருத்தத்தில், ஒரு புதன் கூட்டத்தில் வழக்கத்தைவிட உரக்கவே கேட்டாள். மறுநாள் பிடித்த மழை விடவில்லை. சனிக்கிழமை காலை பீலித் தண்ணீர் கலங்கி வந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றே மலை இறங்கியது. மண்ணும் தண்ணீரும் ஒன்றாய் வந்து கீழ் லயத்தை மூடின. லூக்காஸ் உள்ளே இருந்தான்.

கேட்டதைத்தானே கொடுத்தார் என்ற எண்ணம் அவளை விடவில்லை. அப்படி நினைக்கக்கூடாது என்று கோயிலில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். ஜெபத்தை அவள் விடவில்லை. அருவி என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். இப்போதெல்லாம், "ஒரு வாய் கிருபை போதும், ஆண்டவரே" என்று அளந்து கேட்கிறாள்.

போன மாதம் லூக்காஸின் மகள் நிலுக்ஷிக்குக் கல்யாணம். கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளை. கோயிலுக்குப் புறப்படுமுன், சேலை கசங்குவதையும் பாராமல் அத்தையின் முன் முழந்தாளிட்டாள்.

"அப்பா இருந்தப்ப ஜெபிச்ச மாதிரியே ஜெபிங்க அத்தை. அந்த வார்த்தை இல்லாம நான் போகமாட்டேன்."

மதலேனா அவள் தலையில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கூரைத் தகரத்தில் மழை இறங்கியது. பிள்ளையின் தோள் நடுங்கிற்று.

மதலேனாவும் சிமெந்துத் தரையில் முழந்தாளிட்டாள். "அருவி மாதிரி ஊத்துங்க, ஆண்டவரே" என்று தொடங்கினாள். மழை கேட்காதபடி பெண்ணின் தலையை மார்போடு சாய்த்து, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.