திக்கித் திக்கிப் பேசிய கைகள்

போன வருடம் பங்குனி மாதம், நெல்லியடியில் உள்ள என் கணினி திருத்தும் கடை வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. உள்ளே பதினொரு நெட்புக்குகள். கனடாவில் யாரோ பழசு என்று ஒதுக்கிய அந்தச் சின்ன மடிக்கணினிகள், காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலைக்கு அன்பளிப்பாக வந்திருந்தன.

"கேட்ட இடமெல்லாம் எறியத்தான் சொல்லுகினம், தங்கச்சி. பிள்ளையள் சைகைப் பாட வீடியோ பாக்க வேறை ஒண்டும் இல்லை. ஒருக்காப் பாருங்கோவன்" என்றார் கூட வந்த பாடசாலை அதிபர்.

"வைச்சிட்டுப் போங்கோ அக்கா, ஓடப் பண்ணித் தாறன்" என்றேன். பதினைந்து வருடமாக இதே வேலை. அப்படிச் சொல்ல யோசிக்கவில்லை.

அந்தக் கணினிகளுக்குப் புது விண்டோஸ் பெரும் பாரம். இலவச இயங்குதளமான லினக்ஸ் ஓடும். ஆனால் அவற்றில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் சில்லை இயக்க லினக்ஸில் ஒழுங்கான டிரைவர் மென்பொருள் இல்லை. படம் பக்கவாட்டில் இழுபட்டு, எழுத்தெல்லாம் சப்பையாகத் தெரிந்தது. நான்கு நாள் இணையத்தைத் துழாவி, முகம் தெரியாத ஒருவர் எப்போதோ எழுதி வைத்திருந்த குறிப்பைப் பிடித்தேன். அதன்படி தொடக்கக் கட்டளையில் ஒரு வரியை மாற்றியதும் திரை கூர்மையாக வந்தது. கடையில் தனியாக நின்று கைதட்டினேன்.

பாடசாலைக்குக் கொண்டுபோய், சைகை கற்பிக்கும் ஆசிரியைக்குப் பெருமையோடு ஒரு சைகைப் பாட வீடியோவை ஓட விட்டுக் காட்டினேன். அவருக்கும் பிறவியிலேயே காது கேளாது. என் வயதுதான் இருக்கும். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதிக் காட்டினார்: "கைகள் திக்குகின்றன."

எனக்கு விளங்கவில்லை. படம் தெளிவாகத்தானே இருக்கிறது? அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திரையைப் பார்த்து அதே சைகையைச் செய்யச் சொன்னார். ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். வீடியோவில் மேலே போன கை, அடுத்த கணம் கீழே இருந்தது. இடையில் அது போன வழியைக் காணோம். வீடியோ கொஞ்சம் தடைப்பட்டு நின்றாலும் குரலைக் கேட்டு நான் சமாளித்துவிடுவேன். அந்தப் பிள்ளைகளுக்கு அசைவு விடுபட்டால் சொல்லே விடுபட்டுவிடும். இதை யோசிக்காமலா சரி செய்துவிட்டேன் என்று வந்தேன்? முகம் சுட்டது.

கொப்பியை வாங்கி, உள்ளதை எழுதினேன்: "நான் திருத்தியது படத்தின் தெளிவை மட்டும்தான். வீடியோவைத் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்க கிராபிக்ஸ் சில்லு உதவாது. எல்லா வேலையையும் கணினியின் முதன்மைச் சில்லு ஒற்றையாகச் செய்கிறது. அதுதான் பிந்துகிறது."

அவர் வாசித்துவிட்டுப் பென்சிலால் ஒரு திரையை வரைந்தார். அதற்குள் சைகை செய்யும் பெண். அவளைச் சுற்றித் தலையிலிருந்து இடுப்பு வரை, கை எட்டும் அகலத்துக்கு ஒரு பெட்டி. வெளியே இருந்த சுவர், திரைச்சீலை, மேசை எல்லாவற்றையும் கிறுக்கி அழித்தார். கீழே எழுதினார்: "இவ்வளவும் எதற்கு?"

பதினைந்து வருடத் தொழிலில் எனக்கு வராத யோசனை.

எல்லா வீடியோக்களையும் அந்தப் பெட்டி அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கி, பெரிதாக்காமல் அப்படியே ஓடும்படி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் திரும்பிப் போனேன். திரையின் நடுவில் சின்னப் படம்தான். ஆனால் கைகள் ஓரிடத்திலும் தடக்குப்படவில்லை. ஒரு பிள்ளை செய்த சைகையை மற்றப் பிள்ளை பிழை என்று திருத்த, இரண்டு பேரும் கைகளாலேயே சண்டை பிடித்தார்கள். ஆசிரியை சண்டையை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எறியச் சொன்ன ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டோணும்" என்றார் அதிபர்.

எந்தப் பழைய கணினியையும் ஓட வைப்பேன் என்று இன்றைக்கும் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் அன்றிலிருந்து, அதைத் திறப்பதற்கு முன்னால், அதில் யார், எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்காமல் இருந்ததில்லை.