கையை விட்டுப் போகாத அர்ச்சனைப் பை

பங்குனி உத்திரத்தன்று காலை, தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனை முடிந்ததும், என் ஆறு வயது மகளோடு பக்கத்துக் காட்டுப்பாதையில் நடக்கப் போனேன். பூட்டிய காரில் பழம் வெந்துவிடுமே என்று அர்ச்சனைப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டாவது வளைவில் ஒரு பெரிய குரங்கு வழிமறித்து உட்கார்ந்திருந்தது. அதன் கண் பையிலேயே இருந்தது. திரும்பினால் பின்னாலும் இரண்டு. பையை நெஞ்சோடு அணைத்தேன். முன்னால் இருந்த குரங்கு பல்லைக் காட்டிச் சீறியது. பையை எறிந்திருக்கலாம். ஆனால் சாமி பிரசாதத்தை எப்படி மண்ணில் போடுவது? கை வரவில்லை. அதற்குள் அது பாய்ந்து ஒரு கையால் பையைப் பிடித்தது. இன்னொரு கை என் மகளின் பூ வைத்த பின்னலைப் பற்றியது. அவள் அலறினாள்.

மேலிருந்து ஓடிவந்த இளைஞர் ஒருவர் கத்தினார். "அக்கா, ஓடாதீங்க! பைய விடுங்க லா! பிள்ளைய பாருங்க!"

அப்போதுதான் விட்டேன். தேங்காய் மூடிகள் உருண்டன. பெரியது பின்னலை விட்டது; மூன்று குரங்குகளும் அவற்றின் பின்னால் பாய்ந்தன. அவர் எங்களை மறைத்து நின்றபடி மெதுவாகக் கீழே அழைத்து வந்தார். மகளுக்குக் கீறல்கூட இல்லை. பூதான் போயிற்று.

இப்போதெல்லாம் பிரசாதத்தைக் கோயிலிலேயே சாப்பிட்டு, மிச்சத்தை அங்கிருப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடுதான் நடக்கப் போகிறோம். ஆனாலும் தலை பின்னும்போது மகள் கேட்கிறாள், "ஏம்மா அன்னிக்கு பைய உடனே விடல?"