மைதாப் பசையில் மறைந்த இரண்டு வரி

ஃப்ரேம் கடைக்கு ஆட்கள் இரண்டு சமயத்தில்தான் வருவார்கள்: கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆறப்போட்ட பிறகு, இல்லையென்றால் காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓட்டமும் நடையுமாக.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. சட்டம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, கம்ப்யூட்டரில் போட்டோவைப் பெரிதாக்குவது எல்லாம் எங்கள் வீட்டுக்காரர். பழைய ஃப்ரேமைப் பிரித்து, உள்ளே இருக்கும் போட்டோவைக் கிழியாமல் எடுத்து, புது அட்டையில் ஒட்டுவது என் வேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் இந்த இருபத்தைந்து வருஷத்தில் என் அளவுக்கு அடுத்த வீட்டுக் கையெழுத்தைப் படித்த ஆள் இந்த ஊரில் இருக்க மாட்டார். எல்லாம் போட்டோவின் பின்பக்கத்தில் எழுதியவை. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி நாலு போட்டோ இருக்கும். யாரென்று தெரியாத நாலு பேர் அதிலிருந்து உங்களை முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தீர்களா? இல்லை என்றால் வருத்தப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்.

முதல் பசை

கல்யாணமாகி வந்த முதல் மாதம் வீட்டுக்காரர் எனக்குப் பசை காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். மைதா மாவு, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அடுத்தவர் போட்டோவில் கை வைக்க எனக்குப் பயம். கிழித்துவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் என் பெட்டியிலிருந்த எங்கள் அம்மாவின் போட்டோவை எடுத்து வந்தேன். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரே போட்டோதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மடியில் பூப்போட்ட கவுனில் ஒரு குழந்தை.

அம்மா போனபோது எனக்கு இரண்டு வயது, அக்கா விஜயாவுக்கு ஐந்து. அம்மாவின் குரல், சோறு ஊட்டிய கை, எல்லாம் அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒன்றுமே கிடையாது. அதனால் அந்த மடியில் இருப்பது நான்தான் என்று பிடித்துக்கொண்டேன். அக்கா, தான்தான் என்பாள். நைனாவை, அதான் எங்கள் அப்பாவைக் கேட்டால், "நம்ம கொழந்ததான்" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். அவர் அப்படித்தான். கணக்கும் வராது அவருக்கு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையைக்கூட யாரையாவது விட்டுத்தான் எண்ணுவார். வீட்டில் இருந்ததே இரண்டு பெண்கள். என்னை "மூணாவது, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார். அக்காவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எனக்குப் பதினைந்து வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்த வெண்கலப் பானையை அக்கா எடுத்துக்கொண்டாள், நான் போட்டோவை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் போட்டோவின் முதுகு முழுக்கப் பசை தடவி, அட்டையில் வைத்து, மேலே துணி போட்டு நீவினேன். ஒரு சுருக்கம் இல்லை. பெருமையாக நிமிர்ந்தேன். சட்டம் அறுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "பின்னாடி இன்னாவோ ரெண்டு வரி எழுதியிருந்துச்சே, படிச்சியா?"

சொந்தக்காரப் பெண்

அன்றைக்குப் பிறகு பின்பக்கம் பார்க்காமல் நான் எந்தப் போட்டோவையும் ஒட்டியதில்லை. எழுதியிருப்பதைப் பழுப்புக் காகிதத்தில் அப்படியே பார்த்தெழுதி, புது ஃப்ரேமின் முதுகில் ஒட்டிவிடுவேன். இதற்கு யாரும் தனியாகக் கேட்பதில்லை. செய்யாவிட்டால் எனக்குத்தான் தூக்கம் வராது.

மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நெல் அறுக்கிற மிஷின் வைத்திருப்பவர், மீசை இரண்டு பக்கமும் கன்னத்தைத் தொடும். அவருடைய அம்மா இறந்து பத்து நாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு அம்மா நிற்கிற பழைய போட்டோவைக் கொடுத்து, "அந்தப் பொண்ண எடுத்துட்டு அம்மாவ மட்டும் பெருசு பண்ணுங்க. யாரோ சொந்தக்காரப் பொண்ணு" என்றார். திருப்பினேன். 'குமரேசன், ஒன்றே கால் வயது, மொட்டைக்கு முன்' என்று எழுதியிருந்தது. குமரேசன் யார் என்று கேட்டேன். "நான்தான்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். முதல் மொட்டை போடுவதற்கு முன்னால், ஆண் பிள்ளையாக இருந்தாலும் வளர்ந்த முடியை ஜடை பின்னி, பூ வைத்து, கவுன் மாட்டி ஒரு போட்டோ எடுத்துவிடுவார்கள். நான் இதைச் சொன்னதும் அவர் கை தானாக மீசைக்குப் போனது. கொஞ்ச நேரம் அம்மா இடுப்பில் உட்கார்ந்திருந்த தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பொண்ணு அப்டியே இருக்கட்டுங்க்கா. என் பொண்டாட்டி வந்து கேட்டா மட்டும் யாரோ சொந்தக்காரப் பொண்ணுன்னே சொல்லிடுங்க."

விமானத்தில் போன தாத்தா

ஒரு குடும்பமே வேன் வைத்துக்கொண்டு வந்தது. தாத்தா விமானத்தின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரிக்கிற போட்டோ. அந்தக் காலத்திலேயே டெல்லிக்கு ப்ளேனில் போனவர், ஊரிலேயே முதல் ஆள் அவர்தான் என்று பேரப்பிள்ளைகள் மாறி மாறிச் சொன்னார்கள். பறக்கிற விமானத்தில் யாராவது தலையை வெளியே நீட்ட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பேசாமல் ஃப்ரேமைப் பிரித்தேன்.

பின்னால் பென்சிலில் 'மேல்மலையனூர் தேர்த் திருவிழா. அட்டை விமானம்' என்று இருந்தது. தாத்தா பொய் சொல்லவில்லை, பாருங்கள். உள்ளதை உள்ளபடி எழுதித்தான் வைத்திருக்கிறார். மூத்த பேரனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லா பசை போட்டு ஒட்டிடுங்கக்கா. எங்க ஊட்டுக்கு ஊருல பேரே ப்ளேன்காரர் ஊடுதான்."

மனைவி, பிள்ளைகள் இருவர்

பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ஃபிலோமினா அக்கா தன் அப்பா அம்மா பிள்ளைகளோடு இருக்கிற போட்டோவைக் கொண்டுவந்தார். கல்லறைத் திருநாளுக்குள் வேண்டும் என்றார். பின்னால் பேனாவில், எழுத்தெல்லாம் அச்சடித்ததுபோல, 'அந்தோணிசாமி, மனைவி, பிள்ளைகள் இருவர்' என்று இருந்தது. எத்தனையோ போட்டோவில் பார்த்ததுதான். ஆம்பளைக்குப் பேர் இருக்கும், மற்றவர்களுக்கு எண்ணிக்கை இருக்கும்.

ஓரத்தில் அழுக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. துடைக்கப் போய், கையை இழுத்துக்கொண்டேன். பென்சில் எழுத்து. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். 'மனைவி பேர் லூர்துமேரி'. ஃபிலோமினா அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மாவுக்கு கையெழுத்துகூட போடத் தெரியாதுன்னு எங்க நைனா சாவுற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

அவர் போன பிறகு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எங்கள் அம்மாவை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவின் புது வீடு

அக்கா சிங்கவரத்தில் வீடு கட்டி முடித்திருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்னால் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. சண்டைக்கு வரும்போதுகூட வெறுங்கையோடு வர மாட்டாள்.

"அம்மா போட்டோவ பெருசா ஒண்ணு போட்டுக் குடுடி. கீழ பேர் போடணும். 'அம்மாவும் மூத்த மகள் விஜயாவும்'னு."

"அது நீ இல்லக்கா."

"நான் இல்லாம? அந்தப் பூப்போட்ட கவுன் என்னுது. நான் போட்டுக்கினு திரிஞ்சது எனக்கே ஞாபகம் இருக்குது."

"நீ போட்டது எனக்கும் போட்டிருப்பாங்க. மூக்கப் பாரு, என் மூக்கு."

"கொழந்தைக்கு இன்னா மூக்கு இருக்குது? எல்லாம் ஒரு மூக்குதான்."

அவளுக்கு அம்மாவின் ஐந்து வருஷம் இருக்கிறது. எனக்கு அந்த மடி ஒன்றுதான். அதில் அவள் பேரை அச்சடித்து, புது வீட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? இதை வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. "பிரிண்டர்ல மை இல்ல" என்றேன். உள்ளே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கும் கேட்டது.

வீட்டுக்காரர்தான் பின்பக்கத்தில் இரண்டு வரி இருக்கிற விஷயத்தை அவளிடம் போட்டு உடைத்தார். இத்தனை வருஷமாக ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்று அக்கா கேட்டாள். பால்பாயிண்ட் பேனா என்றால் பிழைக்கும், மைப் பேனா என்றால் ஈரம் பட்டதும் கரைந்துவிடும் என்றேன். அது உண்மைதான். ஆனால் அதில் அவள் பேர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய உண்மை. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மல்லாட்டையை உரித்து என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "பிரிடி பாத்துக்கலாம். என் பேரு இல்லன்னா இனிமே அந்தப் போட்டோவப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

கண்ணாடியில் படித்தது

முதலில் முன்பக்கத்தை ஸ்கேன் எடுத்து வைத்தோம். பிறகு வீட்டுக்காரர் அட்டையைப் பின்னாலிருந்து பிளேடால் தாள் தாளாக உரித்தார். நான் வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் வாசலுக்குப் போனேன். "நில்லு ஒரு எடத்துல, எனக்குக் கை ஆடுது" என்றார். கடைசித் தாள் மட்டும் மிஞ்சியதும் ஈரத்துணியைப் பிழிந்து மேலே போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அரை மணி கழித்து அவர் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

போட்டோவின் முதுகு வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை. வீட்டுக்காரர் உரித்த தாளைத் திருப்பினார். எழுத்தெல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, இடது வலதாக, வலது இடதாக. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்கள் தலை வாருவதற்கு ஒரு கண்ணாடி வைத்திருக்கிறோம். தாளை அதற்கு முன்னால் பிடித்தார். அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அதனால் நான்தான் படித்தேன்.

'மூத்தவன் ரங்கநாதன். நாளை சிங்கவரத்தில் முடி இறக்கம்.'

அடுத்த வரி வேறு மை. கையெழுத்து அதே நைனாவுடையது. 'பதினாலு மாதம் இருந்தான்.'

ஸ்கேனைத் திரையில் பெரிதாக்கினார். உச்சியில் இரண்டு சின்ன ஜடை, அதில் கனகாம்பரம். மீசைக்காரருக்கு நான் வாய் கிழிய விளக்கிய வழக்கம், என் கண்ணுக்கு நேரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படி ஒருவன் இருந்தான் என்று நைனா சொன்னதில்லை. சொல்லக்கூடிய மற்றவர்களும் இப்போது இல்லை. நம்ம கொழந்ததான் என்று எழுந்து போனாரே, அந்த முதுகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"கவுன் என்னுதுதான்" என்றாள் அக்கா.

"உன்னுதுதான் அண்ணி. உங்க அண்ணன் போட்டு முடிச்சதும் உனக்கு வந்துருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா திரையில் இருந்த குழந்தையின் கன்னத்து மைப்பொட்டைத் தொட்டாள். அப்புறம் அவளுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும், சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை. "ரெண்டு பிரிண்ட் போடச் சொல்லு, உனக்கொண்ணு எனக்கொண்ணு. கீழ 'அம்மாவும் அண்ணனும்'னு போடு. அழுவாத, மூணாவது."

நைனாவுக்கு எண்ணத் தெரியாது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிச் சிரித்த நாங்கள் இரண்டு பேரும்தான் ஒன்றை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறோம்.