தளிகை ஆயிடுத்து

மதியம் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் விழுப்புரம் தாண்டுவதற்குள் ஒரு டப்பா அதிரசத்தைத் தீர்த்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டு, கைக்குழந்தைபோலத் தூங்கிப்போயிருந்தார். அந்தத் தூக்கத்தை என்னால் ஜங்ஷனிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

ஸ்ரீரங்கம் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். சத்திரம் பேருந்து நிலையத்தருகே டீக்கு நிறுத்தினார். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றதும் அவர் முகம் சொந்தக்காரனைக் கண்டதுபோல மலர்ந்தது.

“சுகரா சார்? எனக்கும் இருக்கு.”

“ஊசியா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. காலைல ஒரு மாத்திரை. அதையும் பாதி நாள் மறந்துடுவேன். வீட்ல திட்டுவாங்க.” சிரித்துக்கொண்டே வடையைப் பிட்டார்.

மறந்துவிடுவாராம்! என் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்தி இருபது வருடமாகிறது. வேளைக்கு வேளை ஊசி. ஒரு வேளையும் மறக்க எனக்கு உரிமை இல்லை. மாத்திரைக்காரரின் மறதியைக் காவிரிப் பாலம் முழுக்க மென்றுகொண்டே போனேன். கீழே ஆறு, பாதி மணலும் பாதி நீருமாக, என்ன தின்றாய் என்று கேட்க ஆளில்லாமல் படுத்துக் கிடந்தது. அதன்மேலும் பொறாமை வந்தது.

மேலச் சித்திரை வீதியில் வரதன் வீடு. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன், இப்போது வங்கி அதிகாரி. “மார்கழியில ஒரு நாளாவது எங்காத்துல வந்து இருடா” என்று வருடாவருடம் கூப்பிடுவான். இந்த வருடம்தான் வாய்த்தது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. மாடி அறையில் விரலைக் குத்திப் பார்த்தேன். 186. இரவு இரண்டே இட்லிதான் சாப்பிட்டிருந்தேன். விடியும் முன் கல்லீரல் தானாகவே கதவைத் திறந்து, எழப்போகிறவனுக்குச் சர்க்கரையைப் படியளக்கிறது. மற்றவர்கள் உடம்பில் அதை வாங்கி உள்ளே வைக்க இன்சுலின் காத்திருக்கும். என் வாசலில் அது கொட்டியபடியே கிடக்கும். ஒன்றும் தின்னாமலே தின்ற குற்றம் என்மேல் விழும் நேரம், காலை நேரம்.

வரதன் இரண்டு டம்ளர் காபியோடு மாடி ஏறி வந்தான். பெருமாளுக்குப் படைக்காமல் அந்த வீட்டில் பருக்கை வாயில் படாது. காபிக்கு மட்டும் விலக்கு. மீட்டரைப் பார்த்ததும் விரலை நீட்டினான்.

“எனக்கும் ஒண்ணு குத்துடா.”

91.

“பாஸா, ஃபெயிலா?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன். வாய் சிரித்தது. நேற்று ராத்திரி என் கண்ணெதிரே மூன்று லட்டு தின்றவன். அவன் மீசையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

வீதியைச் சுற்றி வந்தேன். ஈரக் கோலங்கள்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் போட்ட கிழவர்கள் பொங்கல் தொன்னையை ஏந்தி ஊதி ஊதித் தின்றபடி போனார்கள். தொன்னையிலிருந்து எழுந்த ஆவியின்மேலும் பொறாமைப்பட்டேன். வீடு திரும்பிப் பார்த்தபோது 142. பரவாயில்லை. குளித்து, வரதன் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

கீழேயிருந்து அவன் மனைவி வைதேகியின் குரல் வந்தது. “தளிகை ஆயிடுத்து. வாங்கோ!”

தளிகை என்றால் சமையல். விடுதி நாட்களிலேயே வரதனிடம் கற்ற சொல். நெய்யும் ஏலமும் மணத்தன. சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் ஊசி போடுவது என் வழக்கம். வயிற்றைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, மிடுக்காகப் படியிறங்கினேன்.

இலை போட்டிருக்கவில்லை. பெருமாள் முன்னால் வெண்பொங்கலும் அக்காரவடிசலும் மூடி இருந்தன. வரதன் மணையில் உட்கார்ந்து பாசுரம் சேவிக்கத் தொடங்கியிருந்தான். தளிகை ஆயிடுத்து என்றால் சமைத்தாயிற்று, அவ்வளவுதான். பாசுரம் முப்பதும் முடிந்து, பெருமாள் கண்டருளிய பிறகே மனிதர்களுக்கு. பாதிச் சொல்லைத்தான் கற்றிருக்கிறேன்.

ஊசி போட்டாயிற்று, உடனே தின்னாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். 91 வாங்கியவன் முன்னால் நோயாளியாக எழுந்து நிற்க மனம் வரவில்லை. பொறாமை வாயைக் கட்டிப்போட்டது. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் மிட்டாய் மாடியில், பேண்ட் பையில். வேட்டிக்கு ஏது பை?

பதினைந்தாவது பாசுரத்தில் உதடு மரத்தது. இருபதைத் தாண்டியபோது விளக்கின் சுடர் மூன்றாகத் தெரிந்தது. வரதனோ ஒவ்வொரு அடியையும் இரண்டு முறை, ஆற அமர. படைத்ததைப் பார்த்தபடி பசியோடு உட்கார்ந்திருக்க அவனால் முடிகிறது. பெருமாளாலும் முடிகிறது. என்னால் மட்டும் முடியவில்லை.

வைதேகி திரும்பிப் பார்த்தார். மார்கழிக் குளிரில் வெற்று மார்பெல்லாம் வியர்வையோடு ஒருவன். உதட்டில் பாசுரத்தை நிறுத்தாமலே எழுந்து உள்ளே போனார். வந்தபோது கையில் சர்க்கரை டப்பாவும் கரண்டியும்.

“ஊசி போட்டுண்டுட்டேளா?”

தலையாட்டினேன்.

“வாயைத் திறங்கோ.”

“பெருமாள் இன்னும்...” என்று நாக்கு குழறியது.

“பெருமாள் ஊசி போட்டுக்கலையே! திறங்கோ.”

மூன்று கரண்டி. வரதன் பாட்டை விடவில்லை. கண்ணை உருட்டி, கையால் ‘முழுங்குடா’ என்று மட்டும் காட்டினான். சுடர் மெல்ல ஒன்றானது. முப்பதாவது பாசுரம் முடிந்து, வைதேகி மாடியிலிருந்து எடுத்துவந்த மீட்டரில் குத்திப் பார்த்தபோது 79.

இலையில் உட்கார்ந்ததும் வரதன் சீண்ட ஆரம்பித்தான்.

“எத்தனை வருஷமா இந்த வாசனைய மூக்குல வாங்கிண்டு உக்காந்திருக்கேன் தெரியுமா? ஒரே ஒரு நாள், பெருமாளுக்கு முன்னாடி ஒரு வாய் முந்திக்கணும்னு சின்ன வயசுலேந்து ஆசை. அம்மா கைல அடி வாங்கினதுதான் மிச்சம். நீ வந்த மறுநாளே முந்திண்டுட்டே!”

“வெறும் சர்க்கரைதானேடா.”

“எதுவா இருந்தா என்ன? முந்தினது முந்தினதுதான்.” அவன் சிரிக்கவில்லை. முதல் வாய்க்குக் கையைக் கொண்டுபோனவன், என்னை ஒரு பார்வை பார்த்தான். எனக்குப் பழக்கமான பார்வை அது. அதிரசக்காரரை நான் பார்த்த பார்வை.

அன்று மாலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜங்ஷனுக்குத் திரும்பினேன். பாலத்தில் எட்டிப் பார்த்தபோது காவிரி அப்படியே கிடந்தது. அதன்மேல் பொறாமை குறைந்திருந்தது என்று சொன்னால் பொய்.

சென்னையில் என் காலைகள் சமையல் மேடையோரம் நடப்பவை. நான், மீட்டர், ஊசி. எனக்கு முன்னால் சாப்பிட வேண்டிய பெருமாள் இங்கே இல்லை. எனக்காகக் காத்திருப்பவரும் இல்லை. வந்த மறுநாள் காலை 147. ஊசி போட்டு, கால் மணி கழித்து, இட்லித் தட்டை இழுத்தபோது போனில் வரதனின் செய்தி.

‘தளிகை ஆயிடுத்து. இன்னும் முப்பது பாட்டும் பாக்கி. நீ?’

‘சாப்பிடுகிறேன்.’

‘பொறாமையா இருக்குடா.’

அந்தச் சொல்லை இன்னொருவர் எனக்கு எழுதி இதுவரை நான் வாசித்ததில்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். இட்லி ஆறிக்கொண்டே இருந்தது. ஊசி போட்டாயிற்று என்பது சட்டென்று நினைவுக்கு வர, அவசரமாகப் பிட்டு வாயில் போட்டேன்.