மூன்று சாம்பிளும் இரண்டு காதும்

வள்ளிக்கும்மி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது நான் குறுக்கே நிற்கவில்லை. எங்கள் பல்லடம் பக்கம் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பொழுது சாய்ந்ததும் ஏதாவது ஒரு மைதானத்தில் கும்மிப் பயிற்சி நடக்கிறது. டெய்லரும் வருகிறார், பனியன் கம்பெனி முதலாளியம்மாவும் வருகிறார், ஒரே வரிசையில் நின்று கைதட்டி ஆடுகிறார்கள். "போய்ட்டு வா, சர்க்கரை குறையும்" என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் கும்மி ஆசிரியர் அவளைப் பின்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அப்புறம் தனியாக ஒரு பாட்டே கொடுத்துவிட்டார்.

முதல் அரங்கேற்றம் அருள்புரத்துப் பக்கம் ஒரு கோயில் திடலில் நடந்தது. ஊரே கூடியிருந்தது. நான் முன்வரிசையில் போய் நின்றேன். மேளம் கேட்டது, கைதட்டல் கேட்டது, என் மனைவி மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பதும் நன்றாகத் தெரிந்தது. ஒரு சொல்கூட விளங்கவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நேராக சவுண்டு சர்வீஸ்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அந்த மனிதர் பொறுமையாக, "எல்லாருக்கும் கேக்குதுங்களே அண்ணா" என்றார். "எனக்குக் கேக்கலியே, நானு ஆளில்லியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "நான் பாடுனது எப்பிடீங்க இருந்துச்சு?" என்றாள்.

"அருமையா இருந்துச்சு."

"எந்த வரி?"

மாட்டிக்கொண்டேன். எல்லாமே நன்றாக இருந்தது என்று மழுப்பினேன். அவள் கொண்டையில் இருந்த பூவைக் கழற்றி வைத்தாள். அப்போது எனக்குள் ஒரு வீம்பு வந்தது. அடுத்த அரங்கேற்றத்தை நானே பதிவு செய்வது, அவள் பாடுகிற ஒவ்வொரு சொல்லையும் உட்கார்ந்து கேட்பது என்று முடிவு கட்டினேன். மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் நிட்டிங்காரன். வட்ட மெஷின்கள் ஓடுகிற சின்ன ஷெட், நூல் கொண்டுவந்து கொடுத்தால் துணியாக ஓட்டிக் கொடுப்பேன். கூலி வேலைதான். மெஷின் ஓடும்போது ஷெட்டுக்குள் பேச்சு என்பது எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். பீகாரிலிருந்து வந்த ஆப்பரேட்டர் மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைத்தால் நூல் தீர்ந்ததா, ஊசி உடைந்ததா, டீ வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். அதையே வெளியே வந்து இந்தியில் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எந்த மெஷினில் கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்வேன் என்று எனக்கு ஒரு பெருமையும் உண்டு. காதைப் பற்றி யாராவது என்னிடம் பேசினால் அடிக்கவே போயிருப்பேன்.

பதிவுக் கருவி தேடத் தொடங்கினேன். போனில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதை முதல் அரங்கேற்றத்தின் வீடியோக்களிலேயே பார்த்துவிட்டேன். போன் பேச்சுக்காகச் செய்த பொருள். நூறு பேர் ஒன்றாகக் கைதட்டியதும் பயந்துபோய்ச் சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அப்புறம் தானே கூட்டுகிறது. பாட்டு ஊஞ்சலாடுகிறது. கோயமுத்தூரில் ஒரு கடையில் விசாரித்தேன், யூடியூபில் மண்டை காயும்வரை பார்த்தேன். கடைசியில் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு ரெக்கார்டர் வாங்கினேன். அதன் தலையில் இரண்டு சின்ன மைக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும். எவ்வளவு பலமாகக் கைதட்டினாலும் சத்தம் உடையாது என்றார்கள். எங்கள் ஊர்க் காற்றுக்கு மைக்கின் மேல் போட ஒரு ரோமக் குல்லாவும் வாங்கினேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "பூனைக்குட்டிய எங்கிருந்து புடிச்சீங்க?" என்றாள்.

பயிற்சியில் வைத்துப் பதிவு செய்தேன். மந்தம். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவர் அது நல்ல மாடல் என்று சாதித்தார். சரி, இந்த ரெக்கார்டரில் வெளி மைக் செருக ஒரு ஓட்டை இருக்கிறதே என்று ஆன்லைனில் ஒரு மைக் வரவழைத்தேன். பேனா நீளம், எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்தைத்தான் கேட்கும். அதைச் செருகி ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன்.

அப்பப்பா, அதை எப்படிச் சொல்வது. ஜால்ராவின் கிண்கிணி தனியாகக் கேட்டது. சலங்கை தனியாகக் கேட்டது. பாட்டில் 'ச'வும் 'த'வும் பிரிந்து பிரிந்து விழுந்தன. இதெல்லாம் கும்மியில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மைக் என்றால் இதுதான் மைக் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஆனால் திருப்பூரில் எதையும் ஒருவர் வாய்ச்சொல்லில் முடிவு செய்வதில்லை. சாம்பிள் காட்டி அப்ரூவல் வாங்க வேண்டும். ஒரு பயிற்சியின்போது அதே பாட்டைப் போனிலும், ரெக்கார்டரின் சொந்த மைக்கிலும், புது மைக்கிலும் பதிவு செய்தேன். எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் அதே வரிசையில் ஏ, பி, சி என்று பெயர் வைத்தேன். துணிக்குச் செய்வதும் இதுதான், துணி வாங்குகிற பார்ட்டிக்கு மில் பெயர் தெரியக் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஆசிரியரும் பாடுகிறவர்களும் மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஹெட்போன் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் சி என்று சொல்வார்கள் என்று நான் கைகட்டி நின்றேன்.

ஆசிரியர் பி என்றார். அடுத்தவர் பி என்றார். எங்கள் தெருவில் குடியிருக்கிற, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு டெய்லரம்மாவும் குழுவில் பாடுகிறார். அவர் சி-யைப் போட்டதும் ஹெட்போனைக் கழற்றியே விட்டார். "அண்ணாச்சி, இது காதுல ஊசி வச்சிக் குத்துத மாதிரில்லா இருக்கு. பி-தான் கேக்க எதமா இருக்கு" என்றார்.

எனக்கு ஏறிவிட்டது. "சி-ல ஜால்ரா என்னமாக் கேக்குது. பி-ல ஜால்ராவே இல்லீங்களே, அதப் போயி எதமுன்னா எப்பிடி?" என்றேன்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். "பி-லயும் ஜால்ரா இருக்குதுங்களே."

"நல்லாக் கேக்குதே அண்ணாச்சி" என்றார் டெய்லரம்மா.

ஹெட்போனைப் பிடுங்கி பி-யைப் போட்டேன். மேளம், கைதட்டல், மூடிய வாயில் ஒரு பாட்டு. ஜால்ரா இல்லை. ஒயர் லூஸ் என்றேன். இடதை வலதில் மாற்றி மாட்டினேன். பேட்டரி போய்விட்டது என்றேன். ஆசிரியர் பையிலிருந்து ஜால்ராவை எடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று, மெதுவாகத் தட்டினார். அவர் கை அசைந்ததுதான் தெரிந்தது. டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டார். என் மனைவி எழுந்து வந்து, அவள் வாய் எனக்குத் தெரிகிற மாதிரி நேர் எதிரே நின்றாள்.

"எனக்கும் கேக்குதுங்க" என்றாள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். பின்னால் உட்கார்ந்து அவள் ஏதாவது சொல்வாள், காற்றில் கேட்கவில்லை என்று நான் கத்துவேன், எப்போதும் நடப்பதுதான். அன்றைக்கு அவள் பேசினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் முறையாக அது எனக்கு உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பி, "ஏதாச்சும் சொன்னயா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள். என்ன சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் கேட்டேன், உனக்கு முன்னாடியே தெரியுமா என்று. "தெரியுமுங்க. சொன்னா மெஷின விட்டுப்போட்டு எங்கூடச் சண்டைக்கு நிப்பீங்க" என்றாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

காது டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கேட்கிறதோ கேட்கவில்லையோ, தோற்றுவிடக் கூடாது என்று சில சமயம் குத்துமதிப்பாக அழுத்தினேன். கூண்டுக்கு வெளியே சோதனை செய்த உதவிப் பெண் கண்டுபிடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் என் காது கேட்கிற அளவைக் கோடாகப் போட்டு ஒரு படம் கொடுத்தார்கள். கோடு இடது பக்கம் மேட்டில் கிளம்பி வலது பக்கம் கிணற்றுக்குள் இறங்கியது.

"என்ன வேலை செய்யறீங்க?" என்றார் டாக்டர்.

"நிட்டிங்."

"சரிதான்" என்று எழுதிக்கொண்டார். கீச்சென்ற சத்தமும் மெல்லிய சத்தமும் போய்விட்டன, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், காதுக்குக் கருவி வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். மைக் விஷயத்தையும் சொல்லிக் கேட்டேன். அந்தப் புது மைக் கீச்சுச் சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கிறதாம். எனக்கு எது இல்லையோ அதைக் கொடுத்தது. காது நன்றாக இருக்கிறவர்களுக்கு அது ஊசி. இதைக் கேட்டபோது எனக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. காது மிஷின் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மனைவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த அரங்கேற்றம் வந்தது. எல்லோரும் சொன்ன பி-யிலேயே பதிவு செய்தேன். என் காதை நம்ப வழியில்லை, அதனால் ரெக்கார்டரில் ஏறி இறங்குகிற பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெஷின் மீட்டரைப் பார்க்கிற பழக்கம் கைகொடுத்தது. ஆடுகிறவர்களின் காலடிக்கு எட்டாமல், மேளத்துக்குப் பக்கவாட்டில், என் மனைவிக்கு நேராகக் கம்பில் கட்டி, ரோமக் குல்லா போட்டு நிறுத்தினேன். அவள் பாட வந்தபோது கோடு அழகாக நின்றது. பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதிவு குழுவில் எல்லோருக்கும் போனது. என்னமாக எடுத்திருக்கிறீர்கள் என்று பேச்சு, பாராட்டு, அடுத்த ஊர்க் குழுவிலிருந்துகூட எந்த ரெக்கார்டர் என்று விசாரித்தார்கள். விலையும் மாடலும் சொன்னேன். என் மனைவி அதைப் போனில் போட்டுக் கேட்டு முடித்தாள். எந்த வரி நன்றாக இருந்தது என்று இந்த முறை அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட் லீவு. புது மைக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். அனுப்புவதற்கு முன் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாமே, இல்லாவிட்டால் உடைத்து அனுப்பியதாகச் சொல்வார்கள். ரெக்கார்டரில் செருகி, ஹெட்போன் மாட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி சத்தத்தைக் கூட்டினேன்.

வீடு இரைச்சலாக இருந்தது. ஜன்னல் சிமெண்ட் தகட்டில் காக்கை நடந்தது, அதன் நகம் கேட்டது. காலண்டர் தாள் ஃபேன் காற்றில் படபடத்தது. என் வேட்டி உரசுவதுகூடக் கேட்டது. நிம்மதியான வீடு, சத்தமே இல்லாத வீடு என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரைகளிடம் நான் பெருமையடித்த வீடு இது.

அப்புறம் ஒரு பாட்டு. பழைய பதிவு ஏதோ ஓடுகிறது என்று நினைத்து நிறுத்தப் போனேன். எதுவும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று மைக்கை ஜன்னல் பக்கம் நீட்டினேன், பாட்டு மங்கியது. சமையலறைப் பக்கம் திருப்பினேன், கிட்டே வந்தது. மைக்கை முன்னால் பிடித்துக்கொண்டு, திருடன் மாதிரி நடந்து போனேன்.

என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தாள். கும்மிப் பாட்டில்லை. கல்யாணமான புதிதில் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தபோது, வேலை செய்துகொண்டே அவளாக இட்டுக்கட்டிப் பாடுவாளே, அந்த மாதிரி. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நடுவில் மூச்சு வாங்குவதும் கேட்டது. பிள்ளை பிறந்து, வேலை கூடி, எல்லா வீட்டிலும் ஆகிற மாதிரி என் வீட்டிலும் பாட்டு நின்றுபோய்விட்டது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதற்காக வருத்தப்பட்டும் இருக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஹெட்போனும் மைக்குமாக நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மறுபடியும் எப்பக் கண்ணு பாட ஆரம்பிச்சே?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. குழாயை மூடினாள். ஈரக் கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானு எப்பங்க நிறுத்துனே?" என்றாள்.