கவிதாவின் தைராய்டு ரிப்போர்ட்

இன்று மாசாயில் உள்ள கிளினிக்குக்குத் தங்கை கவிதாவோடு போனேன். அவளுக்கு நான்காம் மாதம். தொழிற்சாலையில் நின்றபடியே வேலை.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "தைராய்டு ரொம்ப குறைவா இருக்கு. இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கணும். எந்நேரமும் அசதியா இருக்குமே?" என்றார்.

"போன தடவையும் இப்படித்தான் டாக்டர். அந்தப் பிள்ளை அஞ்சாம் மாசமே போயிருச்சு. அப்பவே டெஸ்ட் எடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்று கேட்டாள் கவிதா.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா எடுத்திருக்கணும்."

காரில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் அழுதாள்.

"அப்ப எல்லாரும் என்னைச் சோம்பேறின்னு சொன்னாங்கக்கா. நானும் நம்பிட்டேன் லா."

அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்று அவளுக்கு என்ன சொல்வீர்கள்? கீழே எழுதுங்கள், காட்டுகிறேன்.