கல்லுக்குள் இருந்த தண்ணீர்

காணாத ஒரு கனவைக் கண்டதாகச் சொன்னேன். அதுதான் நான் செய்த தவறு. அப்போது எனக்கு ஒன்பது வயதுதானே என்று பல வருஷங்கள் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வயது ஏற ஏற அந்தச் சமாதானம் எடுபடாமல் போயிற்று.

மாதுங்காவில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று இருந்தோம். யுத்த காலம். அத்தையின் பிள்ளை, அதாவது என் அத்தான், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பிரம்மச்சாரிகள் சிலரோடு ஓர் அறையில் வாசம்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அக்காவை அவருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். சித்திரையில் பாலக்காட்டில் முகூர்த்தம். அத்தான் லீவுக்குக்கூட எழுதி வாங்கிவிட்டார்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் வந்தபோது மணிக்கட்டில் வாட்ச் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஈரப் பஞ்சில் பொதிந்த ஒரு கல்லை எடுத்தார். கப்பலில் வந்த ஆஸ்திரேலியாக்காரன் ஒருவனிடம் வாட்சைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியிருந்தார்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாட்சைக் குடுத்து கூழாங்கல்லு வாங்கிண்டு வந்திருக்கியேடா! இனிமே யாராவது மணி கேட்டா இதைப் பாத்துச் சொல்லுவியோ?"

"இது ஓபல், மாமா. வைரம் எல்லார் காதுலயும் ஒரே மாதிரிதான் மின்னும். இதைப் போல இன்னொண்ணு லோகத்துலயே கிடையாது."

புளியங்கொட்டை அளவு இருந்தது. பால் கலந்த தண்ணீரைப் போல வெளிறிக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். உள்ளே எங்கிருந்தோ ஒரு பச்சை கிளம்பி ஓடியது, அதைத் துரத்திக்கொண்டு ஒரு சிவப்பு. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் இரண்டும் அணைந்து நீலம் ஏறிற்று. எனக்குக் காட்டுவதாகத்தான் நினைத்தேன். அவர் திருப்பிய திசையில், சமையலறை நிலையைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தாள்.

இதைத் தோண்டி எடுக்கும் ஊரைப் பற்றிச் சொன்னார். "ஒரு மரம் கிடையாதாம். வெயில் தாங்காம ஜனங்க பூமிக்கடியில பொந்து வெட்டிண்டு அதுலயே குடியிருக்கா. மெழுகுவத்தி வெளிச்சத்துல சுவரைக் கொத்திண்டே போகணும். மாசக்கணக்கா வெறும் மண்ணுதான் வரும். திடீர்னு ஒருநாள் கடப்பாரைச் சத்தம் மாறும், கண்ணாடியில பட்ட மாதிரி. அப்படியே நிறுத்திடணும். இன்னொரு குத்து விழுந்தா கல்லு போச்சு."

"உள்ளே கலர் எப்படி வந்தது அத்தான்?"

"இதுக்குள்ள தண்ணி இருக்குடா. அதுவும் சேர்ந்துதான் இந்த ஜாலம். அதான் சூடு காட்டப்படாது."

இவ்வளவு சொன்னதில் என் மனத்தில் தங்கியது அந்தத் தண்ணீர்தான்.

அம்மாவுக்குக் கல் பிடிக்கவில்லை. "நவரத்தினத்துல சேராத கல்லு. நம்மாத்துப் பொண்ணு விரல்ல ஏறணும்னா பாத்துட்டுத்தான் ஏறணும்" என்றாள். நீலக்கல் வாங்கினால் தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, என்ன கனவு வருகிறது என்று பார்த்துவிட்டு மோதிரம் கட்டுவது எங்கள் வழக்கம். அத்தான், "பாத்துக்கோங்கோ அம்மாமி, அதுக்கென்ன" என்று கல்லை விட்டுவிட்டுப் போனார்.

அக்கா மூன்று ராத்திரி அதை வைத்துக்கொண்டு படுத்தாள். ஒன்றும் வரவில்லை என்றாள். அம்மா நம்பவில்லை. "அவ மனசு முழுக்க அங்கேதான் இருக்கு. கெட்டது வந்தாலும் வாயைத் திறக்கமாட்டா. இவன் தலைமாட்டுல வை. குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

மறுநாள் காலை அம்மா குழாயடியில் இருந்தாள். வெந்நீர் அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் இருப்பது உண்மையானால் காய்ச்சினால் ஆவி வர வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இடுக்கியால் கல்லைப் பிடித்துக் கனலுக்கு மேலே காட்டினேன். ஆவி வரவில்லை. நகம் முறிவது போல மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. நிறங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் போய்விட்டன. பதறிக் கையால் எடுத்ததில் விரல் பொசுங்கியது. குறுக்கும் நெடுக்கும் விரிசல் விட்ட ஒரு சுண்ணாம்புத் துண்டைத் தலையணைக்கடியில் திரும்ப வைத்தேன்.

அம்மா அதை எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "என்னடா கண்டே ராத்திரி? பயப்படாம சொல்லு."

கண்ணில் நெருப்பு இன்னும் நின்றது. அதையே சொன்னேன். "அத்தான் தீக்கு நடுவுல நிக்கறார். அப்போ கல்லு வெடிச்சுது."

அடி விழாது என்பதற்கு மேல் எனக்கு ஒரு யோசனையும் இல்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "குழந்தை வாயால அம்பாள் சொல்லிட்டா" என்று அழுதாள். அப்பா எவ்வளவோ கேலி செய்தும் அவள் அசையவில்லை. கடைசியில், முகூர்த்தத்தை ஆவணிக்குத் தள்ளுவது என்று ஆயிற்று. அத்தான் சண்டை போடவில்லை. விரிசல் விட்ட கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லீவையும் ரத்து செய்துகொண்டார்.

சித்திரை பிறந்திருந்தது. ஒரு பிற்பகல் எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. சற்று நேரம் கழித்து மறுபடியும். துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் வெடித்துவிட்டது என்று சாயங்காலம் தெரிந்தது. அப்பா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி அலைந்தார். அத்தானின் செருப்புகூடக் கிடைக்கவில்லை.

லீவு ரத்தாகாமல் இருந்திருந்தால் அன்று அவர் பாலக்காட்டில் மாப்பிள்ளையாக இருந்திருப்பார். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாலி கட்டிய கையோடு அறுக்காமல் பெண் தப்பித்தாள் என்றுதான் பேசினார்கள். தப்ப வைத்தவன் நான். வந்தவர்கள் என் தலையைத் தடவினார்கள், கையில் கற்கண்டு வைத்தார்கள். தின்றேன். வெளியாருக்கு வேறு கணக்கு. ராசியில்லாத பெண் என்று அக்காவுக்குப் பெயர் விழுந்தது. தாணேயில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகத்தான் அவளைக் கொடுக்க முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவரைப் பற்றி அக்காவும் அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

அம்மா சாகும்வரை என் கனவை நம்பினாள். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நான் ஓய்வுபெற்ற வருஷம், அக்கா விதவையாகி டோம்பிவிலியில் பிள்ளையோடு இருந்தாள். கடை கடையாக ஏறி இறங்கி, கூடியவரை அதே போன்ற ஓர் ஓபலைத் தேடி வாங்கிக்கொண்டு போனேன். அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள்.

"எப்படி?"

"இடுக்கித் தடம் கல்லுல கரியா இருந்தது. உன் விரல்ல கொப்புளம். சுட்ட புண்ணுக்கு இங்க் தடவினது யாரு, நான்தானே?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"என்னன்னு சொல்றது? கனவு பொய், முகூர்த்தத்தைத் தள்ளாதேங்கோன்னா? கல்யாணத்துக்குப் பறக்கறாள்னு எல்லாரும் சிரிக்கமாட்டாளா? ஆவணிதானே, போறதுன்னு இருந்துட்டேன்."

கல்லை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினாள். பிறகு என் பக்கம் நகர்த்தினாள். "உன் பேத்திக்குக் குடு. சூடு படாம வச்சுக்கச் சொல்லு."

எழுந்து போய்க் காப்பி கலந்து கொண்டுவந்தாள். அவள் இருந்தவரை, நான் போகும்போதெல்லாம் காப்பி கொடுத்தாள். படிவரை வந்து வழியனுப்புவது மட்டும் அன்றோடு நின்றுபோயிற்று.

கொப்புளத்தில் இங்க் தடவிய அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஊதினாள். எப்படிச் சுட்டுக்கொண்டாய் என்று கேட்கவில்லை. நல்லவேளை, அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.